ராஜா உடுப்பில் ஒரு ஜேபி

சித்தூர் மிஷன் காம்பவுண்டுத் தையல் பள்ளியில் தபீதாள் டீச்சர் தைத்துக் கொடுத்த துணிகளில் ஜேபி இல்லாத ஒன்றை யாரும் பார்த்ததில்லை. சட்டைக்கு ஜேபி எல்லாரும்தான் வைப்பார்கள், அதில் என்ன அதிசயம்? டீச்சர் பாவாடைக்கு வைப்பார். பிறந்து மூன்று நாளான பிள்ளையின் சொக்காய்க்கு வைப்பார். பாட்டுக் குழுவின் வெள்ளை அங்கிக்கு வைப்பார். சபைப் போதகரை எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் ஐயர் என்பார்கள். அந்த நேசகுமார் ஐயரின் பிரசங்க அங்கிக்கு ஒன்றுக்கு இரண்டாக வைத்தார்.

"ரெண்டு எதுக்கு டீச்சர்?" என்று கேட்டார் ஐயர்.

"ஒண்ணு கைக்குட்டைக்கு. இன்னொண்ணு கடியாரத்துக்கு. கடியாரம் கைக்கு எட்டுற தூரத்துல இருந்தாத்தான் ஐயரே, ஞாயித்துக்கிழம நாங்க நேரத்துல சோறு துன்ன முடியும்."

ஐயர் வாயை மூடிக்கொண்டார். டீச்சரிடம் வாயை மூடிக்கொண்டவர்கள் அந்த ஊரில் ஏராளம். முதல் ஆள் அவருடைய புருஷன் எர்னஸ்ட். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். மருந்து கலக்கிக் கொடுக்கும்போது "மூணு வேளை" என்று சொல்வாரே, அதைவிட நீளமான வாக்கியம் அவர் வீட்டில் பேசியதாகத் தகவல் இல்லை.

இந்த ஜேபிப் பைத்தியத்துக்குக் காரணம் உண்டு. டீச்சரின் நைனா பிரகாசம் வெதுருகுப்பம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். டீச்சருக்கு ஒன்பது வயதானபோது ஊருக்கு வந்த மிஷன் துரைசானி ஒருத்தி, பிள்ளையின் துடிப்பைப் பார்த்துவிட்டு, போர்டிங் பள்ளியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். நைனா கடிதத்தை எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு நடந்தார். உடம்பில் யாரோ கொடுத்த பழைய பனியன், அதில் ஏது ஜேபி? கடிதத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, ஒரு கை வியர்த்தால் மறு கைக்கு மாற்றி மாற்றி நடந்தார். வழியில் கட்டை வண்டி ஒன்று சேற்றில் மாட்டிக்கிடந்தது. பார்த்துக்கொண்டு போகிற மனுஷரா அவர், தோள் கொடுத்தார். வண்டி மேடேறிய பிறகு கையைப் பார்த்தால் கடிதத்தைக் காணோம். சேறு முழுக்கத் துழாவியும் கிடைக்கவில்லை. கடிதம் இல்லாத பிள்ளையை அடுத்த வருஷம் கூட்டி வரச் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வருஷம் தபீதாள் வேர்க்கடலைக் கொல்லையில் களை பறித்தாள்.

அறுபத்தொன்றில் நைனா இறந்தபோது பெட்டியில் போட்டு அனுப்புகிற சட்டையை டீச்சரே தைத்தார். நெஞ்சுப் பக்கம் நல்ல ஆழமான ஜேபி. "இனிமே எங்க போனாலும் லெட்டர் தொலையாது நைனா" என்று சொல்லி, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஓவென்று அழுதார். அன்றிலிருந்து யாருக்கு எது தைத்தாலும் ஜேபி. அதையும் காலியாகக் கொடுக்கமாட்டார். புத்தாண்டுக்குச் சபையில் கொடுக்கிற வசன அட்டைகளில் மிச்சமானது அவரிடம் கட்டுக் கட்டாக இருந்தது. ஒவ்வொரு ஜேபியிலும் ஒரு அட்டையைப் போட்டுத்தான் கொடுப்பார்.

டீச்சருக்கு இன்னொரு பிடிவாதமும் இருந்தது. சினிமா பார்க்கக்கூடாது என்பது சபையின் பழைய சட்டம். சட்டத்தை எல்லாரும் மறந்துபோயிருந்தார்கள், டீச்சர் ஒருத்தரைத் தவிர. சனிக்கிழமை மத்தியானம் ஆனால் போதும், கொட்டகைக்கு எதிரே இருந்த சோடாக் கடை நிழலில் குடையும் நோட்டுமாக நின்றுவிடுவார். சபைப் பிள்ளைகள் யார் யார் உள்ளே போகிறார்கள் என்று பெயர் எழுதிக்கொள்வார். பிடிபட்டவர்கள் ராப்போஜன ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால் நின்று, பார்த்த பாவத்தைத் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். பிறகு ஆறு வாரம் கடைசி பெஞ்சு, ராப்போஜனத்தின் அப்பமும் திராட்சரசமும் கிடையாது. டிக்கெட் கொடுக்கிறவர்கள் வரைக்கும் டீச்சருக்கு 'சென்சார் அம்மா' என்று பேர் வைத்திருந்தார்கள். சென்சார் அம்மா ஆயுசில் ஒரு சினிமாகூடப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

எழுபத்தாறில் அந்த நோட்டில் ஏறிய பெயர் ஜெயகுமாரி. தையல் பள்ளியிலேயே கை சுத்தமான பெண், பொத்தானுக்குக் காஜா எடுத்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். டீச்சருக்கு உயிர். இருந்தாலும் எழுதிவிட்டார். அந்தப் பெண் முன்னால் நின்று அழுத அழுகையில் பாதி சபை அழுதது. டீச்சர் அழவில்லை, கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார். ஆறு வாரம் முடிந்தது, கல்யாணமும் ஆயிற்று, ஜெயகுமாரி மட்டும் முன்னால் வந்து உட்காரவேயில்லை. இரண்டு வருஷமாகக் கடைசி பெஞ்சிலேயே இருந்தாள். தையல் பள்ளிப் பக்கமும் தலை காட்டவில்லை. டீச்சருக்கு அது உள்ளுக்குள்ளே உறுத்திக்கொண்டிருந்தது.

எழுபத்தெட்டு ஜூன் மாதம் சித்தூருக்கு ஒரு சினிமாக் கம்பெனி வந்து இறங்கியது. தெலுங்குப் படம். கதை இதுதான்: பழைய காலத்து ராஜா ஒருவர், முனிவரின் சாபத்தால் குகைக்குள் தூங்கிப்போனவர், இந்தக் காலத்துத் திருப்பதி மலையடிவாரத்தில் கண் விழிக்கிறார். கிரீடமும் வாளுமாக பஸ் ஏறிச் சித்தூர் வந்து, கலெக்டர் ஆபீஸில் தன் ராஜ்ஜியத்தைத் திருப்பிக் கேட்கிறார். ராஜா வருகிற இடத்திலெல்லாம் முப்பது வருஷத்துக்கு முந்தின படங்களில் வருகிற மாதிரி சங்கும் முரசும், நின்று நிதானமாக ராகம் போட்டுப் பேசுகிற பேச்சும். சுற்றிலும் லாரி, ரேடியோ, பெல்பாட்டம்.

முதல் நாளே வில்லங்கம். பஸ் ஸ்டாண்டில் ராஜா படியில் ஏறுகிறார், பின்னால் இரண்டு கஜ நீளத்துக்குச் சிவப்பு வெல்வெட் அங்கி தொங்குகிறது. அது பக்கத்தில் நின்ற வேறு எந்த பஸ்ஸின் படியில் மாட்டியதோ, அந்த பஸ்ஸின் டிரைவருக்கு ஷூட்டிங்கும் தெரியாது, ராஜாவும் தெரியாது. நேரமாகிவிட்டது, எடுத்துவிட்டார். முக்கால்வாசி அங்கி வேலூருக்குப் போய்ச் சேர்ந்தது. தொளதொள காற்சட்டையும் கிரீடமுமாக நின்ற ராஜா, அதுவரை பேசிக்கொண்டிருந்த செந்தெலுங்கை விட்டுவிட்டு நல்ல பச்சைத் தெலுங்கில் பேசினாராம்.

கம்பெனித் தையல்காரர் மெட்ராஸில். மறுநாள் காலை ஒன்பதுக்கு அங்கி வேண்டும். மேனேஜர் கோவர்த்தனன், ரேணிகுண்டா ஆள், வாய்ச் சாமர்த்தியத்திலேயே பிழைக்கிறவர். வெல்வெட்டைப் பஜாரில் பிடித்துவிட்டார். தைக்க ஆள்? விசாரித்த இடமெல்லாம் ஒரே பதில்: ஒரு நாளில் அதைத் தைக்கக்கூடிய கை சித்தூரில் ஒன்றுதான், ஆனால் அங்கே போய் சினிமா என்று சொன்னால் கஜக்கோலாலேயே அடி விழும்.

"நமஸ்காரம் அம்மகாரு" என்று வந்து நின்றார் கோவர்த்தனன். "ஒக ராஜா டிரெஸ் வேணும். சால அர்ஜெண்ட். நாடகத்துக்கு."

"இன்னா நாடகம்?" டீச்சர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

கோவர்த்தனன் சுவரைப் பார்த்தார். அங்கே கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் ஒட்டகமும் போட்ட காலண்டர் ஒன்று தொங்கியது. "கிறிஸ்மஸ் நாடகம்மா. நட்சத்திரத்த பாத்துக்கினு வருவாரே, அந்த ராஜா."

"ஜூன் மாசத்துலயா?"

"எங்க பசங்களுக்கு மண்டையில ஏறாதும்மா. ஆறு மாசம் ஒத்திகை பாத்தாத்தான் டயலாக் வரும்."

"மூணு ராஜாவாச்சே. மத்த ரெண்டு பேருக்கு?"

"தச்சாச்சும்மா. இவரு ஒருத்தரு கொஞ்சம் குண்டு."

டீச்சருக்கு முகம் மலர்ந்துபோயிற்று. ரேணிகுண்டாவிலிருந்து ஒருத்தர் பாலன் இயேசுவைப் பார்க்க வருகிற ராஜாவுக்குத் துணி தைக்கத் தன்னைத் தேடி வந்திருக்கிறார்! ஆறு மெஷினில் மற்ற ஐந்தையும் நிறுத்தினார். அன்று சாயங்காலம் வரைக்கும் சோறு தண்ணி இல்லை. வெல்வெட்டு ஜரிகையோடு மல்லுக்கட்டி, பட்டு லைனிங் கொடுத்து, கழுத்துக்கு முத்துச் சரம் ஓட்டி, மடிப்பு மடிப்பாகத் தரையில் புரளும்படி ஒரு அங்கி தைத்தார். எல்லாம் முடித்த பிறகு இடது இடுப்புப் பக்கம் ஒரு ஜேபி. இரண்டு மூலையிலும் அவருடைய முக்கோணத் தையல், யானை இழுத்தாலும் பிரியாது.

எர்னஸ்ட் சாப்பிடக் கூப்பிட வந்தவர் இதைப் பார்த்தார். "ராஜாவுக்கு எதுக்கு ஜேபி?"

"இன்னா கேள்வி இது? அம்மாந்தூரத்துலருந்து ஒட்டகத்து மேல வராரு. ஒரு கையில பொன்னு, இன்னொரு கையில கடிவாளம். வழியில இன்னாவாவது காயிதம் கீயிதம் குடுத்தா எங்க வைப்பாரு? தொலச்சிட்டு நிக்கணுமா?"

டீச்சர் ஒரு வசன அட்டையை உள்ளே போட்டு, அங்கியை மடித்துக் கோவர்த்தனன் கையில் கொடுத்தார். கூலிகூட வாங்கவில்லை. சுவிசேஷ ஊழியம் என்று சொல்லிவிட்டார். மேனேஜருக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

ஏழு மாதம் கழித்து, சங்கராந்தி வாரத்தில், காம்பவுண்டுக்கு எதிர்ச் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். டீச்சர் சினிமாப் போஸ்டரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர். அன்றும் திருப்பினார். திருப்பின முகம் பாதியில் நின்றது. பஸ் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக ஒரு ராஜா. தலையில் கிரீடம், வலது கையில் வாள், இடது கை இடுப்புப் பக்கம் உள்ளே போயிருந்தது. டீச்சர் கிட்டப் போனார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஜேபி. மூலையில் முக்கோணத் தையல்.

"அடப் பாவி!" என்று போட்ட சத்தத்தில் பசை வாளியோடு நின்ற ஆள் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார்.

மறுநாள் கோவர்த்தனன் ஒரு டப்பா லட்டுவோடு காம்பவுண்டு கேட்டில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. டீச்சர் கையில் கஜக்கோல் இருந்தது.

"பொய் சொல்லி எங்கையில பாவத்த தெக்க வெச்சிட்டியேய்யா! நீ நல்லா இருப்பியா?"

"அம்மகாரு, மொதல்ல கேளுங்கோ, அப்புறம் அடிங்கோ" என்றார் அவர், கேட்டுக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே. "பஸ்ஸுல கண்டக்டர் டிக்கெட் கேக்கணும், ராஜா தன் வம்சத்தப் பத்தி எட்டு வரி பத்யம் பாடணும். அதான் சீன். எங்க ஹீரோக்கு அந்தப் பத்யம் பன்னெண்டு டேக் ஆகியும் வரல. பதிமூணாவது டேக்ல கோபத்துல கைய இப்படி இறக்கினாரு. கை ஜேபிக்குள்ள பூடுச்சி. உள்ள ஒரு அட்டை. எடுத்து நீட்டிட்டாரு. கண்டக்டரா நடிச்சது நெஜ கண்டக்டரு, நம்ம பழனி. எந்தக் காயிதம் கைக்கு வந்தாலும் பஞ்ச் போட்டே பழக்கம். டக்குனு ஓட்ட போட்டுத் திருப்பிக் குடுத்துட்டான். ராஜா அத வாங்கி பத்திரமா ஜேபில வெச்சிக்கினாரு. டைரக்டர் தரையில விழுந்து சிரிச்சாரும்மா! 'உடுப்பு பழசு, ஜேபி புதுசு, இதான்யா நம்ம படம்'னு சொல்லி, கதையோட முடிவையே மாத்திட்டாரு. ஊரெல்லாம் அந்த சீனுக்கு விசில். ஜேபி வெச்ச கை யாருதுன்னு டைரக்டர் கேட்டாரு. அதுக்குத்தான் வந்தேன்."

டீச்சர் கஜக்கோலை இறக்கவில்லை. ஆனால் அடிக்கவும் இல்லை. "வசனத்து மேலயா ஓட்ட போட்டான்?" என்று கேட்டார்.

"ஓரத்துலதாம்மா" என்று சொல்லிவிட்டுக் கோவர்த்தனன் லட்டு டப்பாவைக் கேட் ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து டீச்சருக்குத் தூக்கம் போயிற்று. கோபம் இரண்டு நாளில் தீர்ந்தது. ஆசைதான் தீரவில்லை. வாழ்நாள் முழுக்கத் தைத்தது எல்லாம் யார் யார் உடம்பிலோ போய்க் கிழிந்து கரித்துணி ஆயிற்று. இது ஒன்று மட்டும் ஊர் ஊராகத் திரையில் போய்க்கொண்டிருக்கிறது. நைனாவுக்காக ஆரம்பித்த ஜேபியைப் பார்த்து ஆயிரம் பேர் விசிலடிக்கிறார்கள், தைத்தவள் மட்டும் பார்க்கக்கூடாதா? பார்த்தால் இருபது வருஷமாக எழுதிய நோட்டு என்ன ஆவது? ஜெயகுமாரியை நிறுத்திய அதே வாயால் எப்படி ராப்போஜனத்துக்குப் போவது? பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது. பாவாடை ஒன்றுக்குத் தப்பாக மூன்று ஜேபி வைத்துவிட்டார்.

அதைப் பார்த்துத்தான் எர்னஸ்ட் வாயைத் திறந்தார். "காளஹஸ்தியில ஓடுது."

"எது?"

"அதான். அங்க நம்ம சபை ஆளுங்க யாரும் இல்ல."

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, தையல் பள்ளிக்குக் கலம்காரித் துணி வாங்க வேண்டியிருக்கிறது என்றும், அது காளஹஸ்தியில்தான் நன்றாக இருக்கும் என்றும் சுவரைப் பார்த்துச் சொன்னார். போய் இறங்கியதும் முதல் வேலையாக உண்மையிலேயே எட்டு கஜம் துணி வாங்கினார். பொய் சொன்னதாக ஆகிவிடக்கூடாதல்லவா!

பதினோரு மணிக் காட்சி. எர்னஸ்ட் தயங்காமல் பக்கச் சந்துக்குள் நுழைந்து, பெண்கள் கவுண்டரில் கூட்டம் இருக்காது என்றார். உள்ளே போனதும், "நாலாவது வரிசை, ஃபேனுக்கு நேரா. தூணு மறைக்காது" என்றார். சேரை ஒரு தட்டுத் தட்டி, "மூட்டைப்பூச்சி கீது, முந்தானைய மடிச்சி உக்காரு" என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஒரேயடியாக இவ்வளவு பேசி டீச்சர் கேட்டதில்லை.

"ஏங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சொல்லுவாங்க" என்றார் எர்னஸ்ட்.

"வாரத்துல புதன்கிழம மத்தியானம் மருந்து ஸ்டாக் எடுக்கப் போறீங்களே, அது எங்க?"

நல்ல வேளையாக விளக்கு அணைந்தது. திரையில் சங்கு முழங்கியதும் டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபம் பண்ண ஆரம்பித்தார். ஐந்து நிமிஷம் கழித்து ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு இரண்டாவதையும் திறந்தார். ராஜா டீக்கடைக்காரரிடம் ராகம் போட்டு டீ கேட்டுக்கொண்டிருந்தார். முரசு அடித்தது. டீ வந்ததும் முரசு நின்று கிடார் வாசித்தது.

"சினிமான்னா இப்படித்தான் இருக்குமா?" என்று டீச்சர் காதோடு கேட்டார்.

"இல்ல. இது பழைய படத்தையும் இந்தக் காலத்துப் படத்தையும் ஒண்ணாப் போட்டது."

"ஓஹோ. மேல் துணி ஒண்ணு, லைனிங் வேற துணி" என்றார் டீச்சர். புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

பஸ் வந்தது. ராஜா படியேறினார். கண்டக்டர் கையை நீட்டினார். டீச்சர் சேரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ராஜாவின் இடது கை கீழே இறங்கியது. அவ்வளவுதான், முன் வரிசைக்காரர்கள் மொத்தமும் எழுந்து நின்று விசிலடித்துக் காகிதத்தை வாரி இறைத்தார்கள். டீச்சர் கண்டது ஒரு தடியரின் முதுகும் அவர் சட்டையின் கிழிசலும்தான். முதுகு உட்கார்ந்தபோது பஸ் காட்பாடிச் சாலையில் போய்க்கொண்டிருந்தது.

படம் முடிந்து வெளியே வந்ததும் டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் பாக்கலீங்க. பாவமும் ஆச்சு, பாக்கவும் இல்ல."

எர்னஸ்ட் நேராகக் கவுண்டருக்குப் போய் மத்தியானக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை டீச்சர் ஏமாறவில்லை. பஸ் வரும்போதே செருப்பைக் கழற்றிவிட்டு சேர் மேலே ஏறி நின்றுகொண்டார். "கூச்சோம்மா!" என்று பின்னாலிருந்து தெலுங்கில் கத்தினார்கள். அவர் உட்காரவில்லை. திரை முழுக்க அந்த ஜேபி வந்தது. முக்கோணத் தையல் இரண்டும் ஆளுயரத்துக்குத் தெரிந்தன. ராஜா கையை விட்டார், அட்டையை எடுத்தார், கொடுத்தார், வாங்கினார், பத்திரமாக உள்ளே வைத்து மேலே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

"அது நான் வெச்ச ஜேபி!" என்று தபீதாள் டீச்சர் கொட்டகை அதிரக் கத்தினார். "பாத்தியா நைனா! தொலையல பாத்தியா!"

எர்னஸ்ட் கீழே நின்று, அவர் விழுந்துவிடாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி முதல் ஞாயிறு ராப்போஜன ஞாயிறு. நேசகுமார் ஐயர் வழக்கம்போல, "பாவ அறிக்கை செய்கிறவர்கள் உண்டா?" என்று கேட்டுவிட்டு டீச்சரின் நோட்டுக்காகக் கையை நீட்டினார். டீச்சர் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பி வந்து உட்காரவில்லை, அங்கேயே நின்றார். ஐயர் நோட்டைப் பிரித்தார். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தது. ஐயர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு டீச்சரைப் பார்த்தார்.

"ஆமா ஐயரே. நான்தான்."

டீச்சர் சொல்ல ஆரம்பித்தார். ஒட்டகக் காலண்டர், வெல்வெட்டு, கோவர்த்தனன் சொன்ன பொய், காளஹஸ்தி எல்லாம் சொன்னார். சாபத்தில் தூங்கிப்போன ராஜாவைப் பற்றிச் சொன்னார். டீக்கடையைச் சொல்லும்போது ராகமே போட்டுவிட்டார். மூப்பர்கள் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு குலுங்கினார்கள். கண்டக்டர் ஓட்டை போட்ட இடம் வந்தபோது ஐயர் மேடை ஓரத்துக்கே வந்துவிட்டார். பிறகு தாம் யார் என்பது நினைவுக்கு வந்து தொண்டையைச் செருமினார்.

"போதும் டீச்சர். மனசார வருத்தப்படுறீங்களா?"

"படம் பாத்ததுக்கு மன்னிப்பு கேட்டுக்கறேன் ஐயரே. ஜேபி வெச்சதுக்குக் கேக்கமாட்டேன்." டீச்சர் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிப்போயிற்று. "மூணாவதா ஒண்ணு கீது. எங்கிட்ட தையல் கத்துக்கினு இருந்த பொண்ண இதே எடத்துல நிறுத்தி அழ வெச்சேன். அது இன்னா பாத்துச்சோ, இன்னா சிரிச்சுதோ, எனக்கு அப்போ தெரியாது. இப்போ தெரியுது. அதுக்குத்தான் மொதல்ல கேட்டிருக்கணும். ஜெயகுமாரி, மன்னிச்சிக்கோம்மா."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து மூக்குறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சரி, ஆறு வாரம்" என்றார் ஐயர் மெதுவாக.

"பன்னெண்டு போடுங்க. ரெண்டு ஆட்டம் பாத்தேன்."

அப்போது ஆண்கள் பக்கம் பெஞ்சு கிறீச்சிட்டது. எர்னஸ்ட் எழுந்து நின்றார்.

"நீங்களும் கூடப் போனீங்க, அதானே? உங்களுக்கும் பன்னெண்டு" என்றார் ஐயர்.

எர்னஸ்ட் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். ஒரு கை முடிந்து, மறு கை முடிந்து, மறுபடி முதல் கைக்கு வந்தார். "ஐயரே, புதன்கிழமயெல்லாம் சேத்தா எனக்கு ஆயுசு பத்தாது" என்றார். சபை சிரித்த சிரிப்பில் கூரையிலிருந்து புறா இரண்டு பறந்தன. ஐயர் அன்று அந்த நோட்டைத் தம் அங்கி ஜேபியில் போட்டுக்கொண்டார், பிறகு வெளியே எடுக்கவேயில்லை.

டீச்சர் நடந்து கடைசி பெஞ்சுக்குப் போனார். ஜெயகுமாரி நகர்ந்து இடம் விட்டாள். முன்னால் எல்லாரும் முழங்கால் போட்டார்கள், ஜெபம் ஆரம்பமாயிற்று. பாதி ஜெபத்தில் ஜெயகுமாரி குனிந்தபடியே முணுமுணுத்தாள்.

"டீச்சர், அந்த ராஜா கடைசியில தன்னோட ஊருக்குத் திரும்பிப் போனாரா?"

"ஜெபம் நடந்துக்கினு கீது. வாய மூடுடி."

ஜெயகுமாரி மூடிக்கொண்டாள். ஐயர் நோயாளிகளுக்காக ஜெபித்தார், மழைக்காக ஜெபித்தார். டீச்சரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கண்ணைத் திறக்காமலே அவள் பக்கம் சாய்ந்தார்.

"போவல. ராஜ்ஜியம் கெடைக்கல. பஸ்ஸுல கண்டக்டரா சேந்துக்கினாரு" என்றார். "ஜேபி இருந்துச்சு இல்ல, பொழச்சிக்கினாரு."